பம்ப் ரூம் கூட்டங்கள்

பேரூராட்சி மன்றக் கூட்டம் திறந்த கதவுக்குள் நடக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பின்னால் உட்கார்ந்து கேட்கலாம்; வாயைத் திறக்கத்தான் கூடாது. தலைவர் நினைத்தால் பொதுமக்களை வெளியே போகச் சொல்லலாம். ஆனால் என்ன காரணத்துக்காகச் சொல்கிறார் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலிருந்த ஒரு சின்னப் பேரூராட்சியில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். இந்த விதியை மனப்பாடமாக வைத்திருந்தவன் அந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான். அதில் பெருமை ஒன்றுமில்லை. விதி மீறப்பட்டால் தணிக்கையில் யாரைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் வந்த மனப்பாடம்.

நிர்வாக அதிகாரிக்கு எங்கள் ஊரோடு இன்னொரு ஊரும் சேர்த்துப் பொறுப்பு. எங்கள் கூட்ட நாளில் அநேகமாக அவர் அந்த ஊரில் இருப்பார். எனவே கூட்டம் நடத்தும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. கூடத்துக்கு ஏழு ஜன்னல்கள். மின்விசிறிகள் நான்கு, சுற்றுவது இரண்டு. தலைவரோடு சேர்த்து உறுப்பினர்கள் பதின்மூன்று பேர். பொதுமக்களுக்கென்று ஐந்து பேர் உட்காரக்கூடிய ஒரு பெஞ்சு. கூட்டம் தொடங்குமுன் தலைகளை எண்ணுவது என் வேலை. ஒரு முறை எண்ணினால் போதும், நான் இரண்டு முறை எண்ணுவேன். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். இந்த வயதிலும் அது போகவில்லை.

பெஞ்சுக்கு யாரும் வருவதில்லை, ஒருவரைத் தவிர. அலுவலகத்துக்குப் பின்னால் ஓடையைத் தாண்டி ஒரு ஏக்கர் தோட்டமும் ஒரு கிணறும் வைத்திருந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மற்ற நிலமெல்லாம் வானம் பார்த்தது. கொத்தமல்லியும் பருத்தியும் மழையிருந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அந்தக் கிணற்றுத் தோட்டம்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியக் காரணம். அலுவலக வளாகத்துக்குள் ஊருக்குக் குடிநீர் தரும் பேரூராட்சிக் கிணறு இருந்தது. நான் அங்கே மாற்றலாகி வருவதற்கு முந்திய வருடம், அந்தக் கிணற்றின் அடியில் பாறையைக் குடைந்து நாலாபக்கமும் சைடு போர் போட்டிருந்தார்கள். கிணற்றுச் சுவரிலிருந்து பக்கவாட்டில் போகும் நீளமான துளைகள் அவை. அந்த வருடத்திலிருந்து தோட்டத்துக்காரர் கிணற்றில் தண்ணீர் நிற்கவில்லை. அவர் கிணற்றிலும் பழைய சைடு போர்கள் இருந்தன. பாறைக்குள் எங்கேயோ பேரூராட்சியின் துளை தன் துளையில் வந்து சேர்ந்துவிட்டது, தன் தண்ணீர் எல்லாம் அந்த ஆழமான கிணற்றுக்கு வடிகிறது என்பது அவர் மனு. அந்த ஒரு துளையை மட்டும் ஐப்பசி மழைக்குள் அடைத்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை.

யூனியனிலிருந்து ஒரு பொறியாளர் வந்து மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, நடுவே கெட்டிப் பாறை, இணைப்புக்கு ஆதாரமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் தோட்டத்துக்காரர் கூட்டங்களுக்கு வர ஆரம்பித்தார். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம். துண்டை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். பேசமாட்டார். தலைவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைவருக்கு மல்லி மண்டி. ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும். சிரித்த முகம், கணக்கில் கெட்டி. அவருக்கு இந்தப் பார்வை பொறுக்கவில்லை.

"கிளார்க்கு சார், அந்தாளு கண்ணு கொட்டுறானான்னு பாத்தீரா? நான் பாத்துட்டேன். கொட்ட மாட்டேங்கிறான். பொணம் உக்காந்து பாக்குற மாதிரி இருக்கு."

"விதிப்படி அவர் உட்காரலாம் அண்ணாச்சி."

"வெளிய போகச் சொல்றதுக்கும் விதி இருக்குமில்ல?"

"இருக்கு. காரணம் எழுதணும்."

"பொது நலன் கருதின்னு எழுதும்."

எழுதினேன். பொதுமக்களில் அங்கே இருந்த ஒரே ஒருவரைப் பொது நலன் கருதி வெளியே அனுப்பினோம். அவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மூடிய கூட்டம் என்றால் ஜன்னலையும் மூட வேண்டும். வைகாசி வெயிலில் ஏழு ஜன்னலையும் மூடினால் என்ன ஆகும்? உறுப்பினர்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்படியும் மறுநாள் காலை டீக்கடையில் எல்லாம் பேச்சாகிவிட்டது, ஜன்னல் பலகைகள் அவ்வளவு ஓட்டை. அடுத்த மாதம் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேரூராட்சிக் கிணற்றின் மேல் முக்கால்வாசிக்கு கான்கிரீட் பலகை போட்டு, அதன் மேல் மோட்டார் அறை கட்டியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு ஒன்று. வறட்சியில் மோட்டார் காலையில் கொஞ்ச நேரம்தான் ஓடும். பிற்பகலில் அது சும்மா கிடக்கும் இடம். "பம்ப் ரூமுல நாற்காலியப் போடுங்க. சும்மா ஜிலுஜிலுன்னு இருக்கும்" என்றார். அதிலிருந்து கூட்டம் கூடத்தில் தொடங்கும், தோட்டத்துக்காரரை வெளியே அனுப்பியதும் மிச்சம் பம்ப் ரூமில் நடக்கும்.

ஜிலுஜிலுவென்றுதான் இருந்தது. வெளியே மண் கொதித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே அந்தக் குளிர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. தரையின் நடுவில் பைப் இறங்கும் இடத்தில் ஒரு இரும்பு மூடி. பைப்பைச் சுற்றி ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அதன் வழியாகக் கீழேயிருந்து காற்று வந்தது. சீராக வரவில்லை. வரும், நிற்கும், பிறகு உள்ளே இழுக்கும். மூடியின் மேல் கிடந்த ஒரு துண்டுக் காகிதம் அதற்கேற்ப எழுந்து படிந்தது. எனக்குக் கிடைத்த நாற்காலி அந்த மூடிக்குப் பக்கத்தில். பிளீச்சிங் பவுடர் நெடிக்கு நடுவே ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதினேன்.

அந்த அறையில் பேசுவது விசித்திரமாக இருந்தது. பேசுகிறவர் நிறுத்திய பிறகும் பேச்சு நிற்காது. அது தரைக்குள் இறங்கி எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும். உறுப்பினர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தலைவர் மட்டும் தாழ்த்தவில்லை. மண்டியில் ஏலம் விட்டுப் பழகிய குரல் அவருக்கு.

இரண்டாவது பம்ப் ரூம் கூட்டத்தில் இருமல் சத்தம் கேட்டது. நான் தலையை எண்ணினேன். யாரும் இருமவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மூடிக்குப் பக்கத்தில் இருந்ததால்.

மூன்றாவது கூட்டத்தில் தோட்டத்துக்காரரின் மனு பேச்சுக்கு வந்தது. நாலாவது வார்டு உறுப்பினர், "அடைச்சுத்தான் குடுத்தா என்ன அண்ணாச்சி, ஒரு மூடை சிமிண்டு" என்றார்.

"அடைச்சா ஊருக்குத் தண்ணி எங்கருந்து வரும்? அதெல்லாம் பேசாதீரு. இன்னும் ரெண்டு வருசத்துல அந்தத் தோட்டம் கை மாறிரும். வாங்குறதுக்கு நம்ம ஆளே இருக்கு. அப்புறம் மனுவும் கெடையாது, பெஞ்சுல பொணமும் கெடையாது."

சிரித்தார்கள். பேச்சு எதையும் நான் எழுதுவதில்லை, தீர்மானத்தை மட்டும்தான் எழுதுவேன். மனு தள்ளிவைக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. தூரத்திலிருந்தும் வந்தது, என் காலடியிலிருந்தும் வந்தது. இழுத்து, அழுகிற மாதிரி: "அண்ணே..."

பிறகு நாலாவது வார்டுக்காரர், "அண்ணாச்சி, ஒங்களத்தான் யாரோ கூப்புடுறாக" என்றார். சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் எழுந்து, "காத்துய்யா, காத்து. கூட்டம் முடிஞ்சது" என்று சொல்லிக் கதவைத் திறந்தார். செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர்.

அடுத்த வாரம் காலையில் தோட்டத்துக்காரரின் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார்.

"ஐயா, நீங்க படிச்சவுக. ஒண்ணு கேக்கணும். கெணறு பேசுமா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்க கெணறு பேசுதுங்கய்யா. மூணு வெள்ளிக்கெழமையா நானே கேட்டேன். எங்க வீட்டுக்காரவுக, அவுக அண்ணன்தான் பேசுறாருன்னு சொல்றாக."

அவர் கணவரின் அண்ணன் அந்தக் கிணற்றை வெட்டும்போதே வெடியில் போனவர். தோட்டா வெடிக்கவில்லை என்று நினைத்து இறங்கிப் பார்த்திருக்கிறார். கிணற்று மேட்டில் அவருக்கு ஒரு கல் நட்டு, வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் விளக்கு வைப்பார்கள். துர்மரணம் அடைந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் செய்வதுதான்.

"அவர் அண்ணன் என்ன சொல்றாருங்கிறீங்க?" என்றேன்.

"போன வெள்ளிக்கெழமை சொன்னதக் கேட்டு எனக்குக் குலை நடுங்கிப்போச்சுய்யா. இன்னும் ரெண்டு வருசத்துல அந்தத் தோட்டம் கை மாறிரும், வாங்குறதுக்கு நம்ம ஆளே இருக்குன்னு சொன்னாரு. அவுக உக்காந்து அழுகுறாக, அண்ணே அண்ணேன்னு. அண்ணன் எச்சரிக்கை சொல்றாரு, வழியும் சொல்லுவாருன்னு அங்கயே கெடக்காக. சோறு தண்ணி எறங்கல."

அந்த வாக்கியம் இரும்புக் கதவுக்குள் சொல்லப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் பதின்மூன்று பேரும் நானும். நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட. இந்த அம்மாள் ஒரு சொல் பிசகாமல் சொல்கிறார். அதே நேரத்தில் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. கூடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்ட மனிதர் ஓடையைத் தாண்டித் தன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து விளக்கேற்றும் நேரமும், நாங்கள் பம்ப் ரூமில் பேச ஆரம்பிக்கும் நேரமும் ஒன்று. அவரை வெளியே அனுப்பியதால்தான் அவருக்குக் கேட்டது. தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டதால் இரண்டு கிணற்றின் துளைகளும் வெற்றுக் குழாயாகக் கிடந்தன. பொறியாளர் இல்லை என்று எழுதிக் கொடுத்த இணைப்பு இருந்தது.

"அம்மா, இது ஒங்க மனுவுக்கு ஆதாரம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அதை உறுதி செய்யாமல் ஒரு வார்த்தை வெளியே சொல்லப் பயம். உள்ளே பேசியதை நான்தான் வெளியே விட்டேன் என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஆப்பரேட்டரைப் பிடித்தேன். பேரூராட்சியின் பன்னிரண்டு மணிச் சங்கை ஊதுகிறவரும் அவர்தான். சங்கு ஊதி முடித்ததும் பம்ப் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மூடிக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றிலிருந்து இருபதுவரை நிதானமாக, உரக்க எண்ண வேண்டும் என்று சொன்னேன்.

"எதுக்கு சார்?"

"சத்தம் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்கணும்."

"அந்த ரூமுல தனியாவா?" என்று கேட்டார். பிறகு சரி என்றார்.

நான் தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் என்று பெயர்தான். வெங்காயம் போட்ட பாத்திகள் வெடித்துக் கிடந்தன, வரப்பில் வேலிக்கருவை ஏறியிருந்தது. கணவனும் மனைவியும் கிணற்று மேட்டில் நின்றார்கள். உச்சி வெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்கியிருந்தது. அடியில் பாளம் பாளமாகச் சேறு, ஓரத்தில் ஒரு குட்டை அளவுக்குப் பச்சைத் தண்ணீர். அவ்வளவு வெளிச்சத்தில் பயப்பட எதுவுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சங்கு ஊதி ஓய்ந்தது. புறாக்கள் பொந்துகளிலிருந்து எழுந்து, சுற்றி, திரும்பி உட்கார்ந்தன. பிறகு எல்லாப் புறாக்களும் ஒரே நேரத்தில் மறுபடி எழுந்து போய்விட்டன.

"ஒண்ணு" என்றது கிணறு.

ஆப்பரேட்டருக்குக் கீச்சுக் குரல். இது கீச்சுக் குரல் இல்லை. தடித்த, களைத்த குரல். எந்தத் துளையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. கிணற்றுச் சுவர் முழுவதுமே பேசியது. ரெண்டு. மூணு. நானும் உதட்டுக்குள் கூடவே எண்ணினேன். தோட்டத்துக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். பதினொன்றுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று, அதே நிதானம். இருபது சொன்னதும் நின்றது.

"கேட்டீங்களா? அது எங்க ஆப்பரேட்டர். பம்ப் ரூமில் நின்னு எண்ணுறார். நான்தான் எண்ணச் சொன்னேன்" என்றேன்.

தோட்டத்துக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சிரித்தார். "ஆப்பரேட்டரு கொரலு எனக்குத் தெரியாதாங்கய்யா?"

"ஐயா சொல்றதக் கேளுங்க," என்றார் அவர் மனைவி. "ரெண்டு கெணறும் உள்ளுக்குள்ள சேந்திருக்குன்னு சொல்றாக. இதத்தான நீங்க எழுதி எழுதிக் குடுத்தீக? இந்தா, ஐயா காதால கேட்டுட்டாக. போயிச் சொன்னா அடைச்சுக் குடுத்துருவாக. மழைத்தண்ணி நமக்கு நிக்கும்."

அவருக்கு அது விளங்கியது. விளங்குவது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் மனைவிக்கு வந்த மலர்ச்சி அவருக்கு வரவில்லை. கிணற்றுக்குள் பார்த்தபடி, "அப்ப எங்க அண்ணன்?" என்றார்.

வருகிற கூட்டத்தில் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்: பம்ப் ரூமில் பேசுவது என் கிணற்றில் கேட்கிறது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தலையாட்டினார்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது ஆப்பரேட்டர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பம்ப் ரூம் கதவு திறந்தபடியே கிடந்தது.

"நல்லா எண்ணினீர்" என்றேன்.

"எங்க சார் எண்ணுனேன்? பத்துக்கு மேல எண்ணல, ஓடியாந்துட்டேன்."

"என்ன?"

"மொதல்லருந்தே கீழ யாரோ கூடவே எண்ணுனாப்புல இருந்துச்சு. எதிரொலிதான்னு மனசத் தேத்திக்கிட்டு எண்ணுனேன். பதினொண்ணுக்கு நான் வாயத் தொறக்கல சார். அது சொல்லிருச்சு."

நான் அவரைத் திட்டினேன். கட்டுக்கதை சொல்லாதே என்றேன். அவர் சத்தியம் செய்தார். பத்துவரை ஆப்பரேட்டர். மீதிப் பத்து? நான் கேட்டதில் சந்தேகமில்லை, நான் எண்ணியதிலும் இல்லை. ஆப்பரேட்டர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் வேட்டி நனைந்திருந்தது, விளையாட்டுக்கு யாரும் அப்படி ஆகமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. புரட்டாசி மாதம், மேற்கே மேகம் கட்டிக் கட்டிக் கலைந்தது. தோட்டத்துக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார், முதல் தடவையாக மனைவியும் கூட வந்திருந்தார். கூட்டம் திறந்தபடி இருக்கும்போதே நான் எழுந்து, மனுதாரர் ஒரு வார்த்தை பேச அனுமதி கேட்கிறார் என்றேன். ஊழியர்கள் கேட்காமல் எழுந்து பேசுவது வழக்கமில்லை. தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். ஆனால் ஊருக்குள் கிணறு பேசும் கதை ஏற்கெனவே கசிந்திருந்தது.

"பேசட்டுமே. என்னய்யா, ஒங் கெணறு ஏதோ பேசுதாமில்ல? என்ன சொல்லுது? மல்லி என்ன வெலைக்குப் போகும்னு கேட்டுச் சொல்லேன்."

கூடத்தில் சிரிப்பு. தோட்டத்துக்காரர் எழுந்தார். என்னைப் பார்த்தார். அவர் மனைவி அவர் வேட்டி நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார், சொல்லுங்க என்று. நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அவர் தொண்டைவரை வந்ததை நான் கண்டேன். அதைச் சொன்னால் கிணறு அவருடையதாகும். அதையே சொன்னால் இத்தனை வெள்ளிக்கிழமைகளாகத் தன்னிடம் பேசியது மல்லி மண்டி அண்ணாச்சி என்று ஒப்புக்கொண்டதாகும்.

"எங்க அண்ணன் பேசுறாருங்கய்யா" என்றார்.

அவர் மனைவி வேட்டி நுனியை விட்டுவிட்டார். கூடம் வாய்விட்டுச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் நான் மறுபடி எழுந்தேன். "அவர் தெரியாமல் சொல்கிறார். நான் சோதித்துப் பார்த்தேன். பம்ப் ரூமில் ஆப்பரேட்டரை எண்ணச் சொல்லி, தோட்டத்துக் கிணற்றில் நின்று நானே கேட்டேன். இணைப்பு இருக்கிறது."

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். பம்ப் ரூமில் தான் பேசியதெல்லாம் எங்கே போயிற்று என்பது அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் கறுத்தது. ஆனால் மண்டிக்காரர் அவர். ஆப்பரேட்டரை உள்ளே கூப்பிட்டார்.

"ஏலே, நீ எத்தன எண்ணுன?"

"பத்து, அண்ணாச்சி."

என் பக்கம் திரும்பினார். "கிளார்க்கு சார், நீரு எத்தன கேட்டீரு?"

பத்து என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு மூடை சிமெண்டில் அந்த வீட்டு அடுப்பு எரிந்திருக்கும். அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணியதைச் சொல்வதுதான் எனக்குத் தெரியும்.

"இருபது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நாலாவது வார்டுக்காரர் தரையிலிருந்த கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். எங்கள் காலடியில் சிமெண்டுத் தரைதான் இருந்தது, அதன் கீழே மண்.

"மிச்சம் பத்த எண்ணுனது யாருய்யா?" என்று தலைவர் கேட்டார். குரலில் ஏலம் இல்லை. பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. "நம்புற மாதிரி ஆதாரம் ஒண்ணும் இல்ல. மனு தள்ளுபடி. எழுதும். அப்புறம் இனிமே எந்தக் கூட்டமும் பம்ப் ரூமுல கெடையாது."

"காரணம்?" என்றேன். கை தானாகவே பேனாவைப் பிடித்திருந்தது.

"காத்தோட்டம் இல்லைன்னு எழுதும்."

தோட்டத்துக்காரர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். அவர் மனைவி போகவில்லை. பெஞ்சிலேயே இருந்தார். கூட்டம் முடிந்து, நாற்காலிகள் காலியாகி, ஜன்னல்களைச் சாத்த ஆள் வரும்வரை இருந்தார். நான் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, "அவுக சொல்ல மாட்டாகன்னு எனக்குத் தெரியும்யா. நீங்க சொல்லுவீகன்னு நெனச்சேன்" என்றார். நான் காதால் கேட்டதைத்தான் சொன்னேன் என்று அவருக்கு விளக்க முயன்றேன். எழுந்து போய்விட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை. ஓடை இரண்டு கரையும் தொட்டு ஓடியது. மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனது கேட்காமல் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறி, கல்படிகளை மூடிக்கொண்டு, கலங்கிய டீயின் நிறத்தில் நின்றது. துளைகள் எங்கேயோ அடியில் முங்கிவிட்டன. தோட்டத்துக்காரரின் மனைவி பாத்தி கட்டி வெங்காயம் ஊன்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிமிரவில்லை. தோட்டத்துக்காரர் அண்ணனின் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி வந்ததுலருந்து ஒரு சத்தமும் இல்லைங்கய்யா" என்றார்.

"துளை நெறஞ்சுபோச்சு. இனிமே சத்தம் வராது."

"கூட்டமும் அங்க நடக்கலயாமே?"

"நடக்கல."

"நடக்காதப்பயும் ரெண்டு வெள்ளிக்கெழமை பேசுனாருங்கய்யா," என்று தணிந்த குரலில் சொன்னார். மனைவிக்குக் கேட்கக் கூடாது என்பது போல. "மழைக்கு முன்னாடி."

என்ன பேசினார் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று இல்லை, அலை இல்லை. ஒரு வேப்பிலை மிதந்துகொண்டிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், அது முன்பு தொட்டுக்கொண்டிருந்த படி இப்போது அதற்கு மேலே, ஈரமாக, வெளியே தெரிந்தது. மழைக்குப் பிறகு பேரூராட்சி மோட்டாரைக் காலை முழுவதும் ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதன் சத்தம் அங்கே எட்டவில்லை. தண்ணீரில் ஒரு சுழிப்புக்கூட இல்லை. இலை அசையாமல் கீழே போய்க்கொண்டிருந்தது.

பொறியாளரைக் கூட்டிவந்து காட்ட இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு கணம் என் மனதில் ஓடியது. அவர் மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வெயிலில் தண்ணீர் இறங்குவது இயல்பு என்று எழுதிக் கொடுப்பார் என்பதும் ஓடியது.

"இறங்குது பாருங்க" என்றேன் தோட்டத்துக்காரரிடம்.

"ஆமாங்கய்யா" என்றார். காதை இன்னும் கிணற்றுப் பக்கமே சாய்த்து வைத்திருந்தார்.

பாத்தியிலிருந்த அவர் மனைவி அதைக் கேட்டு நிமிர்ந்தார். வரப்பில் கவிழ்த்திருந்த இரண்டு குடங்களையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து, எங்களைத் தாண்டி, பாசி வழுக்கும் படிகளில் வேகமாக இறங்கினார். தண்ணீர் அவருக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது.